குறுக்கீடு இன்பாக்ஸில் பிறப்பதில்லை

மெயில் வந்து வந்து வேலையைக் கெடுக்கிறதா, மெயிலை நிர்வகிக்க நல்ல கருவி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், தொல்லை தீரும். இன்றைய அலுவலகங்களில் யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து இது. வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை வரையிலும், கம்பத்திலிருந்து குமுளி ஏறி வண்டன்மேடு வரையிலும், கம்ப்யூட்டர் இருக்கும் இடமெல்லாம் இந்த உபதேசம் நுழைந்திருக்கிறது. பயிற்சி வகுப்பு எடுக்க வருகிறவர் இதைச் சொல்கிறார், மேலாளர் திருப்பிச் சொல்கிறார், ஊழியரும் நம்பிவிடுகிறார். இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு. தீங்கும் செய்கிறது: குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே யாரும் பார்க்காதபடி செய்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். குறுக்கீட்டால் வரும் கெடுதல் கற்பனை இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், சக ஆய்வாளர்களுடன் 48 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டார். இடையிடையே குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அந்த வேகத்துக்கு மன அழுத்தமும் எரிச்சலும் நேர நெருக்கடியும் விலையாகக் கொடுத்தார்கள். ஆகவே குறுக்கீடு குறைய வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

கருவித் தரப்பு அதற்கு மேல் சொல்வது இது: மேலதிகாரியை உங்களால் மாற்ற முடியாது, வாடிக்கையாளரையும் மாற்ற முடியாது, ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் உங்கள் கையில் இருக்கிறது. விளம்பர மெயிலை ஒதுக்கித் தள்ள ஃபில்டர் உண்டு. முக்கியமானதை மேலே நிறுத்தும் வரிசை உண்டு. இப்போது வேண்டாம், நாளைக் காலை காட்டு என்று தள்ளிப்போட ஸ்னூஸ் உண்டு. வருவதையெல்லாம் பிடித்துவைத்துக் குறித்த நேரத்தில் மட்டும் இறக்கிவைக்கும் வசதி உண்டு. இருபது மெயில் நீளமுள்ள கடிதப் போக்குவரத்தை நாலு வரியில் சுருக்கித்தரச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பலவும் இலவசம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் நிற்காது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. குறுக்கீடு எங்கே பிறக்கிறது? அனுப்புகிறவரின் மேஜையில்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை நான்கு மணி. வெளியே லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பெண் பில் அடித்துக்கொண்டிருக்கிறார். சரக்கின் குறியீட்டு எண், எடை, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், வண்டி எண். இதில் ஒரு இலக்கம் தவறினாலும் வண்டி வழியில் நிற்கும். பயிற்சி வகுப்பில் சொன்னபடி மெயிலைப் பிடித்துவைக்கும் கருவியைப் போட்டிருக்கிறார். ஐந்து மணிக்குத்தான் மெயில் இறங்கும். நான்கு பத்துக்கு மேஜை போன் அடிக்கிறது.

“மெயில் பாக்கலையாம்மா? அனுப்பிப் பத்து நிமிஷம் ஆச்சே.”

“பில் போட்டுட்டு இருக்கேன் சார்.”

“அதைப் பாத்துட்டுப் போடுங்க.”

அந்த மெயிலில் இருந்தது என்ன? போன மாதம் அனுப்பிய சரக்கின் பட்டியலை வேறு வடிவத்தில் கேட்ட ஒரு கோரிக்கை. அன்று மாலையே அது வேண்டும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. கருவியில் ஒரு பழுதும் இல்லை. பிடித்துவை என்றார்கள், பிடித்துவைத்தது. குறுக்கீடு மட்டும் போன் வழியாக வந்து சேர்ந்தது. மறுநாளிலிருந்து அதே மேலாளர் மெயில் அனுப்பிவிட்டு, “மெயில் அனுப்பியிருக்கேன்” என்று வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டு, அதன்பின் போனும் செய்தார். ஒன்றாக இருந்த குறுக்கீடு மூன்றாயிற்று.

காரணம் எளிது. பத்து நிமிடத்தில் பதில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மேலே அப்படியே இருக்கிறது. அதை அசைக்காமல் ஒரு வழியை அடைத்தால் அது இன்னொரு வழியில் வரும். பெறுகிறவரின் கம்ப்யூட்டரில் எவ்வளவு நல்ல கருவி போட்டாலும் அனுப்புகிறவரின் மனதில் இருக்கும் கெடுவை அது தொடாது.

2. எது அவசரம் என்று கருவிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அதற்கு வழியில்லை.

எல்லையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது வாளையார் வரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. ஆனால் காகிதம் மறையவில்லை, கம்ப்யூட்டருக்குள் போயிற்று. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட ஈ-வே பில் கட்டாயம். அதன் முதல் பகுதியில் சரக்கின் விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி எண். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுளும் உண்டு. கஞ்சிக்கோட்டிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆக மூன்று நாள்.

இனி ஒரு வழக்கமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் தாண்டி வண்டி பழுதாகி நிற்கிறது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். ‘பார்ட் பி’ எனப்படும் அந்த இரண்டாம் பகுதியில் புதிய வண்டி எண்ணைப் போடாமல் அந்த வண்டியை எடுக்கக் கூடாது. எடுத்துப் பிடிபட்டால் சரக்கைத் தடுத்து நிறுத்துவார்கள், விடுவிக்க வரியைப்போல் இரு மடங்கு அபராதம் கட்ட நேரும். அந்தப் புதிய எண்ணைச் சொல்லும் மெயில் யாரிடமிருந்து வரும்? இதற்கு முன் ஒருமுறைகூட எழுதியிராத ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து, தலைப்பே இல்லாமல், லாரியின் போட்டோவோடு, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வரும். முக்கியமானதைப் பொறுக்கும் எந்தக் கருவியும் இதை அடியில்தான் போடும். தலைமை அலுவலகம் எல்லாருக்கும் அனுப்பிய பண்டிகை வாழ்த்தை மேலே நிறுத்தும்.

ஃபில்டரில் சொல் கொடுத்துப் பிரிக்கலாமே என்பார்கள். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் ஒரே விஷயம் மலையாளத்தில் வரும், தமிழில் வரும், ஆங்கிலத்தில் வரும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் வரும். இத்தனைக்கும் விதி எழுதிவைத்து, அது சரியாகப் பிரிக்கிறதா என்று தினமும் சரிபார்த்துக்கொண்டிருப்பது புதிதாக ஒரு வேலை. குறுக்கீட்டைக் குறைக்க வந்த கருவியைக் காவல் காப்பதே குறுக்கீடாகிவிடுகிறது. அடியில் ஏதாவது முக்கியமானது கிடக்குமோ என்ற பயத்தில் மணிக்கு நாலுமுறை அந்த ஒதுக்குப் பெட்டியையும் திறந்து பார்க்கிறார்கள்.

3. தானே கற்றுக்கொள்ளும் கருவி என்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்கிறது?

ஜிமெயில் 2010-இல் முன்னுரிமைப் பெட்டியைக் கொண்டுவந்தது. நீங்கள் யாருக்கு அதிகம் எழுதுகிறீர்கள், யாருடைய மெயிலைத் திறக்கிறீர்கள், எதற்குப் பதில் போடுகிறீர்கள் என்று கவனித்து அதன்படி வரிசைப்படுத்துவது அதன் முறை. பின்னால் வந்த பல கருவிகளும் இதே வழியில் நடக்கின்றன. அதாவது, இதுவரை நீங்கள் யாரைக் கவனித்தீர்களோ அவரையே இனியும் கவனிக்கவைக்கும். இதுவரை யாருக்குப் பதில் போடவில்லையோ அவரை இன்னும் கீழே தள்ளும்.

இது யாரைப் பாதிக்கும் என்று பாருங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம், அதே மொழியில் பதிலும் பெறலாம் என்று அது சொல்கிறது. சித்தூர் தாலுகாவில், தேவிகுளத்தில், பீர்மேட்டில் இந்த உரிமை எத்தனை பேருக்கு உயிர்நாடி என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மூணாறு பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து, பட்டா பற்றியோ சாதிச் சான்றிதழ் பற்றியோ வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒருவர் தமிழில் மெயில் அனுப்புகிறார். அவருக்கு முன் தொடர்பு கிடையாது. தமிழ் மெயில்களுக்கு அந்தப் பெட்டியிலிருந்து பதில் போன பழக்கமும் இல்லை என்றால், பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கருவி அவரை எங்கே வைக்கும்? கேள்வியிலேயே பதில் இருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையைக் கருவி சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். யாரும் மறுத்ததாகப் பதிவும் இருக்காது.

மனிதர் புறக்கணித்தால் கேள்வி கேட்கலாம். கருவி புறக்கணித்தால், “என் கண்ணிலேயே படவில்லை” என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். வேலை கெடாமல் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, குரல் மெலிந்தவரின் கடிதத்தை மறைக்கும் ஏற்பாட்டை நாம் ஏற்கக் கூடாது.

4. ஆய்வுகள் இருக்கின்றன என்பார்கள். அந்த ஆய்வுகளை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குஷ்லேவ், டன் இருவரும் செய்து 2015-இல் வெளியிட்டது. 124 பேர், ஒரு வாரம் நாளுக்கு மூன்றுமுறை மட்டும் மெயில் பார்த்தார்கள், இன்னொரு வாரம் கட்டுப்பாடின்றிப் பார்த்தார்கள். மூன்றுமுறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்தது. நல்லது. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தது எது? நாளுக்கு மூன்றுமுறை என்ற விதி. கருவி வாங்கு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

குளோரியா மார்க் 2012-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 13 ஊழியர்கள் ஐந்து வேலை நாட்கள் மெயிலே இல்லாமல் இருந்தார்கள். இதயத் துடிப்பைக் கருவி வைத்து அளந்தார்கள். ஒரே வேலையில் நீண்ட நேரம் நிலைத்திருந்தார்கள், அழுத்தமும் குறைந்தது. இங்கேயும் மெயில் கணக்கை அடைக்க முடிந்தது, அலுவலகத்தில் அதற்கு இசைவு இருந்ததால். இசைவில்லாமல் ஓர் எழுத்தர் ஐந்து நாள் மெயில் பார்க்காமல் இருந்தால் ஆறாம் நாள் அவருக்கு மெமோ வரும்.

மூன்றாவது ஆய்வைப் பற்றி இவர்கள் பேசுவதே இல்லை. ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது. 345 பேர் பழைய மெயிலைத் தேடியெடுத்த 85,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பார்த்தார்கள். பாடுபட்டுத் தனித்தனி ஃபோல்டரில் அடுக்கி வைத்தவர்கள், அடுக்காமல் தேடல் கட்டத்தில் தட்டித் தேடியவர்களைவிட வெற்றிகரமாக எடுத்துவிடவில்லை. அடுக்குவதற்குச் செலவிட்ட நேரம்தான் மிச்சம். மெயில் நிர்வாகம் என்ற பெயரில் அலுவலகங்களில் கற்றுக்கொடுப்பதில் பெரும்பகுதி இந்த அடுக்கும் வேலை.

மூன்று ஆய்வையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு ஒன்றுதான். எல்லாரும் ஏற்ற நேர விதி பலன் தருகிறது. தனியாள் தன் பெட்டிக்குள் செய்யும் ஒழுங்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை.

5. இலவசம் என்கிறார்கள். விலையை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.

மெயிலை ஒழுங்குபடுத்தும் வெளிக் கருவி வேலை செய்ய, உங்கள் மெயில் முழுவதையும் படிக்க அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். அன்ரோல்.மீ என்ற சேவை, வேண்டாத விளம்பர மெயில்களிலிருந்து விடுவிக்கிறேன் என்று வந்தது. அதன் தாய் நிறுவனம் பயனர்களின் பெட்டியில் இருந்த ரசீதுகளின் விவரங்களைப் பெயர் நீக்கி விற்றதும், லிஃப்ட் வாடகைக் கார் ரசீதுகளின் விவரங்கள் அதன் போட்டியாளரான ஊபரின் கைக்குப் போனதும் 2017-இல் வெளிவந்தன. பயனர்களைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2019-இல் அன்ரோல்.மீ மேல் நடவடிக்கை எடுத்தது.

இதை ஏலக்காய் வியாபாரத்தில் வைத்துப் பாருங்கள். குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஒரு வியாபாரியின் இன்பாக்ஸில் இருப்பவை என்ன? வடநாட்டு வியாபாரி எந்தத் தரத்துக்கு எவ்வளவு வரை போகலாம் என்று எழுதிய விலை, வெளிநாட்டு ஆர்டரின் அளவு, யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது என்ற கணக்கு. ஏலத்துக்கு முந்தின நாள் இவற்றைப் பார்க்கிறவருக்கு ஏலத்தின் போக்கே தெரிந்துவிடும். நோட்டிஃபிகேஷன் சத்தம் குறைவதற்காக இந்தப் பெட்டியின் சாவியை முகம் தெரியாத நிறுவனத்திடம் கொடுப்பது வியாபார புத்தி ஆகாது.

கருவியின் ஆயுளும் நம் கையில் இல்லை. மெயில்பாக்ஸ் என்ற செயலி 2013-இல் வந்தபோது பெரும் பரபரப்பு. அதே ஆண்டில் டிராப்பாக்ஸ் வாங்கியது, 2016-இல் மூடியது. கூகுள் 2014-இல் தொடங்கிய இன்பாக்ஸ் செயலியை 2019-இல் நிறுத்தியது. ஒவ்வொன்றையும் கற்றுப் பழகி, விதிகள் எழுதி, தன் வேலையை அதற்கேற்ப வளைத்துக்கொண்ட ஊழியர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தின் ஒப்பந்தமாக இருக்க வேண்டியதை ஒரு கம்பெனியின் பொருளாக மாற்றிக்கொண்டால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

6. எல்லாரும் பயன்படுத்தலாம் என்பது பொய். பதவி இருப்பவர்தான் பயன்படுத்த முடியும்.

மேலாளர் மெயிலை மூடிவைத்தால், “சார் முக்கியமான வேலையில் இருக்கார்” என்பார்கள். எழுத்தர் மூடிவைத்தால், “பொறுப்பில்லை” என்பார்கள். ஒரே கருவி, ஒரே பொத்தான், ஆனால் அதை அழுத்தும் உரிமை ஆளுக்கு ஆள் வேறு. ஒப்பந்தத்தில் இருக்கும் டேட்டா என்ட்ரி ஊழியர், தகுதிகாண் காலத்தில் இருக்கும் இளைஞர், ஆறு மணிக்குப் பிள்ளையை அழைக்கப் போக வேண்டிய தாய் ஆகியோர்தான் அதிகம் குறுக்கிடப்படுகிறவர்கள். கருவியை இயக்கும் துணிச்சல் அவர்களுக்கு வராது, வரவும் விடமாட்டார்கள்.

இன்னும் மோசமான விளைவு ஒன்று உண்டு. கருவி கொடுத்தாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் பழி ஊழியர்மேல் திரும்புகிறது. “டூல் குடுத்திருக்கோமே, நீங்க யூஸ் பண்ணலையா?” என்ற கேள்வி வருகிறது. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு சிசி போட்டு அனுப்புகிறவரை யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் பதில் போகும் பொத்தானை அழுத்தி, “நன்றி” என்று ஒரு சொல் எழுதி முப்பது பேரின் வேலையை நிறுத்துகிறவரையும் கேட்பதில்லை. குறுக்கீட்டை உண்டாக்குகிறவர் தப்பித்துக்கொள்கிறார், குறுக்கிடப்பட்டவர் விளக்கம் சொல்கிறார். நியாயத்தைத் தலைகீழாக்கும் ஏற்பாட்டுக்கு வேலைத்திறன் என்று பெயர் வைக்கக் கூடாது.

7. “தொழில் அப்படி, வேறு வழியில்லை” என்பவர்கள் புற்றடிக்கு வந்து பார்க்கட்டும்.

ஏலக்காயைவிடப் பதற்றமான சரக்கு இடுக்கியில் இல்லை. மழை பெய்தால் விலை ஆடும், கௌதமாலாவில் விளைச்சல் மாறினால் ஆடும், பண்டிகை நெருங்கினால் ஆடும். ஓயாமல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கச் சகல காரணமும் உள்ள வியாபாரம். இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஸ்பைசஸ் போர்டு கண்காணிப்பில், உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் நடத்துகின்றன. விவசாயி கொண்டுவந்த காய் லாட்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் வியாபாரி கைக்கு வருகிறது. உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், தோலைப் பிரித்து விதை பார்க்கிறார். அதன்பின் தன் முன்னாலுள்ள கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுகிறார். லாட் முடிகிறது, அடுத்தது வருகிறது. குறித்த நாள், குறித்த நேரம், குறித்த இடம்.

2007-இல் மின்னேலம் வரும்வரை விலையைக் குரல் கொடுத்துத்தான் கேட்டார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு நாள் முழுக்க, ராத்திரியிலும்கூட, யார் வேண்டுமானாலும் மெயிலில் விலை கேட்டு அனுப்பலாம் என்று ஆக்கியிருக்க முடியும். அப்படி ஆக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டால்தான் விவசாயி ஏல நேரம் போக மீதி நேரம் தோட்டத்தில் இருக்க முடிகிறது, வியாபாரி தரம் பார்க்கும்போது தரத்தை மட்டும் பார்க்க முடிகிறது. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தது ஆளுக்கொரு செயலி இல்லை. எல்லாரையும் கட்டும் ஒரே விதி. கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் இது முடிகிறதென்றால், போன மாதப் பட்டியலைக் கேட்கும் அலுவலகத்தில் ஏன் முடியாது?

வெளியுலகத்திலும் இதே பாடம்தான். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011-இல் ஊழியர் மன்றத்தோடு செய்த உடன்பாட்டின்படி, வேலை முடிந்து அரைமணி நேரத்துக்குப் பின் நிறுவனத்தின் கைபேசிகளுக்கு மெயில் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. டைம்லர் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டில், விடுமுறையில் இருப்பவர் விரும்பினால் அவருக்கு வரும் மெயில் அழிக்கப்பட்டது, அவசரத்துக்கு யாரை அணுகலாம் என்ற தகவல் அனுப்பியவருக்குப் போனது. இரண்டிலும் கருவி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் அலுவலகம் முடிவு எடுத்தது, பிறகு அந்த முடிவை நிறைவேற்றும் கூலியாகக் கருவி வந்தது. அனுப்புகிறவரைக் கட்டியதால் அது பலித்தது.

பிரான்ஸில், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிந்தைய மெயில் பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்ற சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பையும் மெயிலையும், மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலொழிய, பார்க்க மறுக்கலாம். நம் நாட்டில் சுப்ரியா சுலே 2018-இல் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கேரளத்திலும் சட்டமன்ற உறுப்பினர் என். ஜெயராஜ் 2025-இல் இதே நோக்கத்தில் தனிநபர் மசோதா ஒன்றை முன்வைத்தார். இவையெல்லாம் வேலை நேரத்துக்குப் பிந்தைய மெயில் பற்றியவை என்பது உண்மை. ஆனால் அவை ஒப்புக்கொள்ளும் தத்துவம் வேலை நேரத்துக்கும் பொருந்தும்: ஒருவருடைய கவனத்தை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது பேசித் தீர்க்க வேண்டிய தொழிலாளர் விவகாரம்.

இனி அவர்களுடைய கடைசி வாதம்: மேலதிகாரியை மாற்ற முடியாதே.

ஒருவரால் முடியாது. ஆகவே ஒருவரிடம் சொல்லாதீர்கள் என்பதுதான் என் பதில். கருவி உபதேசம் ஊழியரைத் தனித்தனியே உட்காரவைத்து, உன் பெட்டியை நீ பார்த்துக்கொள் என்கிறது. அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஒரே தொல்லை என்பது அதனால் வெளியே வருவதே இல்லை. ஆறு பேரும் சேர்ந்து, “மூன்றிலிருந்து ஐந்துவரை நாங்கள் பில் போடும் நேரம், வண்டி விவரம் தவிர வேறு எதுவும் கேட்காதீர்கள்” என்று சொன்னால் அது வேலையைப் பற்றிய நியாயமான பேச்சு. பில்லில் தவறு வந்தால் அபராதம் நிறுவனத்துக்கு. இந்தக் கணக்கைக் காட்டினால் கேட்காத மேலாளர் குறைவு. பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தில் ஹார்வர்டு பேராசிரியர் லெஸ்லி பெர்லோ செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதைக் காட்டியது. எந்நேரமும் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டிய தொழில் என்று நம்பியிருந்த இடத்தில், குழு முழுவதும் திட்டமிட்டு முறைவைத்து ஒவ்வொருவருக்கும் மெயிலும் போனும் இல்லாத நேரத்தைக் கொடுத்தார்கள். வேலை கெடவில்லை, குழுவுக்குள் பேச்சு கூடியது, வேலையின் தரமும் கூடியது.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? நாலு முடிவுகள், அத்தனையும் அலுவலகம் எடுக்க வேண்டியவை. முதலாவது, எந்த வகை மெயிலுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் என்று எழுதிவைப்பது. சாதாரணக் கேள்விக்கு மறுநாள் மதியம் என்றால் அதற்குள் யாரும் நினைவூட்டக் கூடாது. இரண்டாவது, உண்மையான அவசரத்துக்கு ஒரே ஒரு வழி. வண்டி நின்றால் போன், அதற்கென்று ஒரு எண், அதில் வேறு எதுவும் பேசக் கூடாது. மூன்றாவது, சிசி போடும் உரிமைக்கு வரம்பு. பதில் தர வேண்டியவருக்கு மட்டும் மெயில், தகவலுக்கு என்று போகிறவற்றை வாரம் ஒருமுறை ஒரே கடிதமாக அனுப்பலாம். நான்காவது, பொதுமக்கள் எழுதும் பெட்டிக்கு முறைவைத்து ஒரு ஆள். வந்த ஒவ்வொன்றையும், எந்த மொழியில் இருந்தாலும், மனிதக் கண் படிக்க வேண்டும்.

இந்த நாலும் முடிவான பிறகு கருவியைக் கொண்டுவாருங்கள். வங்கி அனுப்பும் தானியங்கித் தகவலை ஒரு ஃபோல்டரில் சேர்க்கட்டும். விளம்பரத்தை ஒதுக்கட்டும். வேலை நேரத்தில் அறிவிப்பு ஒலியை அடக்கட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள், அதன் பெயரைச் சொல்லி ஊழியரையும் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தமுறை உங்கள் அலுவலகத்துக்கு மெயில் நிர்வாகப் பயிற்சி என்று யாராவது வந்தால், வகுப்பில் எழுத்தர்களை மட்டும் உட்காரவைக்க விடாதீர்கள். மேலாளர்களும் முன்வரிசையில் உட்காரட்டும். முதல் கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்: பதில் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், எழுத்தில் தருவீர்களா? தருகிறோம் என்றால் வகுப்பு தொடரட்டும். தரமாட்டோம் என்றால், அவர்கள் விற்கும் எந்தக் கருவியும் உங்களுக்கு வேண்டாம்.